இருட்டில் தெரியும் சிவப்பு

என் மேசையின் வலது ஓரத்தில் பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் ஏழெட்டு எஃகுத் துண்டுகள் கிடக்கின்றன. பெரியது கொட்டைப்பாக்கு அளவு, சிறியது மிளகு அளவு. உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினால் கற்கண்டை உடைத்தாற்போல மணிமணியாக மின்னுகின்றன. நன்றாக அடித்து நன்றாகப் பதமிட்ட எஃகு இப்படி உடையாது. அதன் முறிவு விபூதி தடவிய பலகைபோலச் சாம்பல் பூத்து, மணி தெரியாமல் இருக்கும். இருபத்தாறு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் வெப்பப் பதமிடும் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறவன் நான். முறிவைப் பார்த்து, அந்த எஃகு என்ன சூடு பட்டிருக்கும் என்று சொல்வது எனக்குப் பழகிய வேலை. இந்தத் துண்டுகள் சொல்லும் செய்தி எளிது: அளவு மீறிக் காய்ச்சி, அதன்மேல் சம்மட்டி இறக்கியிருக்கிறார்கள். அந்தச் சூடு ஏன் மீறியது, அதில் என் பங்கு என்ன என்பதை எழுதிவிட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக நினைத்து, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் ஒரு சமையலறைக் கத்தியில் தொடங்கியது. ஒரு புதுமனை புகுவிழாவில் என் அக்காள் மகன் இணையத்தில் வாங்கிய கத்தியை எடுத்துக் காட்டினான். அலகு முழுவதும் அலை அலையாக வரிகள். "மாமா, இது நம்ம ஊர் எஃகுதான். தமிழன் கண்டுபிடிச்சு அரபு நாட்டுக்கு அனுப்பினது" என்றான். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது வேறு என்று விளக்கினேன். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாறி மாறி அடுக்கி, நெருப்பில் ஒட்டி, மடித்து, மறுபடி ஒட்டி, கடைசியில் அமிலத்தில் தோய்த்தால் நிக்கல் கலந்த தகடு வெளிறியும் மற்றது கறுத்தும் நிற்கும். அந்த வரிதான் இது. இதுவும் மட்டமான வேலை அல்ல. வைக்கிங்குகளுக்கும் முன்னிருந்தே ஐரோப்பியக் கொல்லர்கள் முறுக்கிய கம்பிகளை இப்படி ஒட்டித் தங்கள் வாள்களின் நடுவுடலைச் செய்திருக்கிறார்கள். ஆனால் மண்குடுவையில் காய்ச்சிக் கட்டியாக எடுத்த நம் பழைய உருக்கில் தெரிந்த வரி அடுக்கினால் வந்ததன்று. ஒரே கட்டியை அடித்த அலகில் எழுந்து வந்தது. இதுவரை நான் சொன்னது சரி. பிறகு, கேட்பதற்கு நாலு பேர் கூடிவிட்ட உற்சாகத்தில், இன்னொன்றும் சொன்னேன்: "ரகசியமெல்லாம் அந்தக் கட்டியில்தான். கட்டி கிடைத்துவிட்டால் வாள் தானாக வந்துவிடும்." இந்த ஒரு வாக்கியம்தான் என்னை விடவில்லை. அதை எந்த அனுபவத்தில் சொன்னேன் என்று அன்று இரவே எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நான் அதுவரை ஓர் உருக்குக் கட்டியின் மீது ஓர் அடி கூட அடித்ததில்லை.

மூசையும் ஆவாரையும்

கட்டியைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் சேலம் பகுதியில் உருக்குக் காய்ச்சியதைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம், பொருள்களின் பட்டியலிலேயே மனம் நின்றுவிடும். உமியைக் கருக்கி மண்ணோடு பிசைந்து மூசை, அதாவது உருக்கும் மண்குடுவை, செய்தார்கள். உள்ளே தேனிரும்புத் துண்டுகளோடு நறுக்கிய காய்ந்த ஆவாரங்கட்டையை இட்டு, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலையைப் பரப்பி, வாயை மண்ணால் பூசி மூடினார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒன்றாக அடுக்கிக் கரியிட்டு, இரண்டரை மணி நேரம் போலத் துருத்தி ஊதினார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் கட்டி ஒன்று கிடைக்கும். அதன் மேற்பரப்பில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கதிர் கதிராகக் கோடுகள் ஓடினால் உருக்கு நன்றாக உருகியிருக்கிறது என்று பொருள். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் நெல் அரைத்து மிஞ்சிய உமியும் சேர்ந்து, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கரி, அதாவது கார்பன், ஏறிய எஃகைக் கொடுத்தன. லாரிப் பட்டையில், அதாவது லாரியின் வில்பட்டையில், இருப்பதைப் போல இது ஏறக்குறைய மூன்று மடங்கு கரி.

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிவந்தன. பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் மூசை ஓடுகள் மலிந்த இடத்தை தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து ஆராய்ந்தார். 'ஊட்ஸ்' என்று உலகம் வழங்கும் பெயர் நம் உருக்கு, கன்னடத்து உக்கு என்ற சொற்குடும்பத்திலிருந்து போனது என்பதும் பலரும் அறிந்ததே. இவற்றையெல்லாம் நான் மேடையிலும் பேசியிருக்கிறேன். அந்தப் பெருமையில் எனக்கு இன்றும் குறைவில்லை.

ஆனால் இதே குறிப்புகளை இரண்டாம் முறை படித்தபோது, முதல் முறை கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. மூசையை உடைத்துக் கட்டியை எடுத்ததும் எழுத்து ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கட்டியைப் பல மணி நேரம் கரிநெருப்பில் வாட்டிய பிறகே கம்பியாக வடித்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அதற்கப்பால் அது வணிகனின் மூட்டைக்குள் போய்விடுகிறது. தெலங்கானாவின் கோணசமுத்திரத்தில் உருக்குக் காய்ச்சுவதைப் பதிவு செய்த ஆங்கிலேய நிலவியலாளர் ஹென்றி வாய்சி, கட்டிகளை வாங்குவதற்காக இஸ்பஹானிலிருந்து வந்து தங்கியிருந்த பாரசீக வணிகரை அங்கேயே பார்த்திருக்கிறார். அதே இஸ்பஹானில்தான் அசதுல்லா என்ற பெயர் பொறித்த புகழ்பெற்ற வாள்கள் பிறந்தன. அந்தப் பெயர் ஒரே மனிதனின் ஆயுளுக்குள் அடங்காத அளவு பல காலத்து அலகுகளில் காணப்படுவதால், அது ஒரு முத்திரைபோல வழங்கியிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. இங்கே மூசை உடைத்தவனும் அங்கே சுத்தியல் பிடித்தவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நாம் 'உருக்கு வாள்' என்று ஒரே மூச்சில் சொல்லும் பொருளுக்கு இரண்டு தகப்பன்மார். முதலாமவனைத்தான் நான் கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

மதியம்

எஃகு வார்ப்பில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் ஓய்வு நேரத்தில் மூசை வைத்து உருக்குக் காய்ச்சிப் பழகியவர். ஒன்றரை சதவீதம் கரி, மிகச் சிறிதளவு வனேடியம் உலோகம் என்று கணக்கிட்டு அவர் எடுத்த கட்டிகளில் இரண்டை எனக்குத் தந்தார். ஒவ்வொன்றும் நானூறு கிராம் இருக்கும். கையில் எடுத்தபோது அதன் தலையில் அந்தக் கதிர்க் கோடுகளைத் தடவிப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். அடிப்பதற்கு யாரிடம் போவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. சென்னிமலைப் பக்கம் ஒரு சிற்றூரில், கொடுமணலிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில், எழுபது வயதைத் தாண்டிய கொல்லாசாரி ஒருவர் இன்றும் கரியுலை வைத்திருக்கிறார். தென்னை ஏறுகிறவர்களுக்கும் ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறவர்களுக்கும் அவர் செய்யும் கொடுவாளைப் பத்தாண்டுகளாக நான் பார்த்துவருகிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாள் என்ற சொல் உயிரோடிருப்பது இந்தக் கொடுவாளில்தான். அதன் முதுகிலிருந்து வாய் வரை கனம் இறங்கும் விதத்தை விரலால் தடவினால், எந்த அளவுகோலும் இல்லாமல் இப்படி ஒரே சீராக இறக்கிய கை எப்பேர்ப்பட்ட கை என்று தெரியும்.

ஒரு சித்திரை மாத நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். அவருடைய பட்டறை முன்பு ஓட்டுக் கூரையாக இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மகன் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டு, அப்பாவுக்குக் கண் மங்குகிறது என்ற அக்கறையில், நடுவே வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட் இரண்டையும் வைத்திருந்தார். உள்ளே பகல்போல வெளிச்சம். சம்மட்டி அடிக்க அவருடைய தங்கை மகன் நின்றார். நான் கட்டியைக் கொடுத்து, "பழைய காலத்து உருக்கு மாதிரி செய்தது, ஐயா. ஒரு கத்திக்கு ஆகும்படி நீட்டிக் கொடுக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். கரி எவ்வளவு, எந்தச் சூட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் இல்லை. இரும்பும் கரியும் சேரும் வரைபடத்தை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். ஆனாலும் நாற்பது ஆண்டு நெருப்பின் முன் நின்றவருக்கு நான் என்ன சொல்வது என்ற மரியாதையும், கட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற என் பழைய நம்பிக்கையும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன.

அவர் அதை லாரிப் பட்டையாகவே நினைத்தார். அவரிடம் வருவதெல்லாம் அதுதான். ஊதுலை சீறியது, கட்டி சிவந்தது, மேலும் சிவந்தது. மேலேயிருந்து கொட்டிய வெயிலில் அந்தச் சிவப்பு போதாது என்று அவர் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கரியை இழுத்து மூடினார். குறட்டில் பிடித்து அடைகல்லில் வைத்தபோது பக்கத்தில் நின்ற எனக்கும் அது செம்மஞ்சளாகத்தான் தெரிந்தது. உண்மையில் நல்ல மஞ்சளைத் தொட்டிருந்தது என்று இன்று எனக்குத் தெரியும். சம்மட்டியின் முதல் அடியில் 'ணங்' என்ற ஓசை வரவில்லை. ஈரச் செங்கல்லை அடித்ததுபோல ஒரு மந்தமான சத்தம். கட்டி விளிம்பில் பிளந்தது. இரண்டாவது அடியில் நொறுங்கிச் சிதறியது. சிவந்த துண்டுகள் மண்தரையில் உருண்டு ஒவ்வொன்றாகக் கறுத்தன. யாரும் பேசவில்லை. ஊதுலையை மட்டும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

என்ன நிறம்?

அத்தனை கரி ஏறிய எஃகில் மணிகளுக்கிடையே உள்ள எல்லைகள் முதலில் இளகுகின்றன. பாஸ்பரஸ் போன்ற மாசுகள் கடைசியாக உறைந்த இடங்களில் தங்கியிருப்பதால், பட்டை எஃகு தாங்கும் சூட்டில் இது உள்ளுக்குள் வியர்த்து, மாதுளைக்குள்ளிருக்கும் முத்துகளைப்போலப் பிரிந்துவிடும். இதைத்தான் நான் தரையைப் பார்த்தபடி அவருக்கு விளக்கினேன். ஆசாரியார் பொறுமையாகக் கேட்டார். தவறு தன்னுடையது என்று அவர் முகம் வாடியிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லை ஐயா, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதை எண்ணூற்றைம்பது டிகிரிக்கு மேல் அடிக்கக்கூடாது" என்றேன்.

அவர் துண்டு ஒன்றைக் குறட்டால் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அது சரிங்க தம்பி. எண்ணூத்தைம்பதுன்னா என்ன நெறம்?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் அந்த எண்ணை நான் எத்தனை ஆயிரம் முறை பொத்தானில் அழுத்தியிருப்பேன். உலையின் கதவு மூடியிருக்கும். வெளியே பச்சை எழுத்தில் எண் ஓடும். மணி அடித்ததும் பையன்கள் தட்டை வெளியே இழுத்து எண்ணெயில் இறக்குவார்கள். அந்தச் சூட்டுக்கு ஒரு முகம் உண்டு என்பதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதை என் கண்ணால் அடையாளம் காட்ட முடியவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பொருளைப் பற்றி ஆயுள் முழுவதும் வேலை செய்தவர்கள். அவரிடம் நிறம் இருந்தது, எண் இல்லை. என்னிடம் எண் இருந்தது, நிறம் இல்லை. கட்டி அந்த இடைவெளியில் விழுந்துதான் உடைந்தது.

கையடக்க வெப்பமானி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அதை நானே பிறகு சோதித்தும் பார்த்தேன். மேலே படியும் செதிலையும் கரியின் சுவாலையையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னது. அது சரியாகவே சொன்னாலும் பெரிய பயனில்லை. உலையிலிருந்து எடுத்த நொடியிலிருந்து அலகு ஆறிக்கொண்டே இருக்கிறது. மெல்லிய இடம் முந்தியும் தடித்த இடம் பிந்தியும் ஆறுகின்றன. எங்கே அடிக்கலாம், எங்கே இனி தொடக்கூடாது என்பதை நொடிக்கு நொடி கண்தான் முடிவு செய்கிறது.

அன்று இரவு வீட்டில் பழைய குறிப்பு ஒன்றைத் தேடி எடுத்தேன். 1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் இந்த எஃகின் மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் ஒரு கட்டுரை படித்தார். பியர்சன் கேட்டுக்கொண்டபடி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதிலிருந்து ஒரு பேனாக்கத்தி அடித்துக் கொடுத்தார். அது சிறந்த எஃகுக் கத்திக்கு நிகராக வெட்டியது. எந்தச் சூட்டில் அடித்தார் என்பதற்குக் கட்டுரையில் எண் கிடையாது. இருட்டில் மட்டுமே ஒளிர்வு தெரியும் சூடு என்றுதான் எழுதியிருக்கிறது. பலமுறை படித்த வரி. அளவுகோல் இல்லாத காலத்து எழுத்து என்று அதைக் கடந்துபோயிருக்கிறேன். அதுவே ஓர் அளவுகோல் என்பது அன்றுதான் உறைத்தது. திடப்பொருள்கள் இருட்டில் ஒளிரத் தொடங்குவது ஏறக்குறைய 525 டிகிரியில் என்று அறிவியலாளர் ஜான் டிரேப்பர் எண்ணாக எழுதியது அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1847இல். அதற்கு முன்னால் இருட்டே வெப்பமானி. கொல்லன் பட்டறைகள் ஏன் தாழ்ந்த கூரையும் சிறிய வாசலுமாகப் புகையடைந்து கிடந்தன என்று சிறுவயதில் கேட்டதற்கு, ஏழ்மை என்று பதில் சொன்னார்கள். ஏழ்மையும் இருந்தது. ஆனால் நிறம் அங்கேதான் பொய் சொல்லாமல் இருந்தது. நண்பகல் வெயிலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு இருட்டில் கண்ணைக் கூசும். அதே இரும்பு, அதே சூடு.

அந்தி

இரண்டாவது கட்டியை எடுத்துக்கொண்டு ஆடி மாதத்தில் போனேன். இந்த முறை பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றும் பையில் இருந்தது. எஃகு 730 முதல் 770 டிகிரிக்குள் காந்தத்தை விட்டுவிடும். என் எண்ணுக்கும் அவர் நிறத்துக்கும் நடுவே நான் வைக்கக்கூடிய பாலம் அது ஒன்றுதான். பகலில் போய்ச் சேர்ந்தவனை அவர் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஒரு கடப்பாரைக்கு நுனி வைத்துக்கொண்டிருந்தார். "இருட்டட்டும் தம்பி" என்றார். கட்டியைக் கரிக்குள் ஓர் ஓரமாகப் புதைத்து, ஊதாமல், பிற்பகல் முழுவதும் வாட விட்டார். அதை நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார். ஃபைபர் ஷீட்டுக்குக் கீழே ஒரு சாக்குப் படுதாவைக் கட்டியிருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கினோம். முதல் காய்ச்சலில் அடிக்கவே இல்லை. மெல்ல ஊதி, எடுத்து, காந்தத்தில் காட்டினார்; ஒட்டியது. மறுபடி வைத்தார். மூன்றாவது முறை காந்தம் இழுக்கவில்லை. அந்த நிறத்தை இருவரும் பார்த்தோம். காய்ந்த வரமிளகாயின் சிவப்பு என்றார் அவர். அதற்கு ஒரு படி மேலே போனபோது, செம்பருத்தி இதழை வெளிச்சத்தில் பிடித்தாற்போல இருந்தது. "இதுக்கு மேல வேண்டாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியாக எண்ணூற்றைம்பது டிகிரிக்கு எனக்கு ஒரு பூ கிடைத்தது.

அடி விழுந்தபோது சம்மட்டி திருப்பிக் குதித்தது. லாரிப் பட்டை இந்த நிறத்தில் அடித்தால் ஓரளவு அசையும். இது அசைய மறுத்தது. ஐந்து அடி, ஆறு அடி, அதற்குள் வரமிளகாய் நிறத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மறுபடி உலை. ஓர் அடியில் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்ததும் அவர் கையை உயர்த்தி நிறுத்தி, அரத்தை எடுத்து அந்த இடத்தைச் சிவப்போடு சிவப்பாக ராவி எடுத்துவிட்டார். விட்டிருந்தால் அடுத்த காய்ச்சலில் உள்ளே ஓடியிருக்கும். சம்மட்டியை ஒதுக்கிவிட்டுத் தன் கைச்சுத்தியலாலேயே அடிக்க ஆரம்பித்தார். மூன்று அந்திகள் ஆயின. எண்ணிக்கொண்டே வந்தேன்: ஐம்பத்துமூன்று காய்ச்சல். ஒரு கொடுவாளுக்கு அவருக்கு ஏழெட்டுப் போதும். ஐந்து அங்குல அலகு ஒன்று, சுண்டுவிரல் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக, கரிய தோலோடு எங்கள் முன் கிடந்தது.

இத்தனை காய்ச்சல் எதற்கு என்பதற்கான விடை 1998இல் வெளிவந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும், ஃப்ளோரிடாவைச் சேர்ந்த கொல்லர் ஆல்ஃபிரட் பென்ட்ரேயும் பல ஆண்டு சேர்ந்து உழைத்து, பழைய வாள்களின் வரியைத் திரும்ப எழுப்பிக் காட்டினார்கள். கட்டியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வனேடியம் போன்றவை இருந்தாலே போதும். கட்டி உறையும்போது அவை வரிசை வரிசையாக ஒதுங்குகின்றன. ஒவ்வொரு முறை சிவக்கும்போதும் ஆறும்போதும் இரும்பும் கரியும் சேர்ந்த வெண்ணிறக் கார்பைடு துகள்கள் அந்த வரிசையை நாடிச் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. ஒரு முறை அளவு மீறிக் காய்ச்சினால் சேர்ந்ததெல்லாம் கரைந்துபோகும். ஆக, வரி கட்டிக்குள் இருந்து வெளியே வந்ததல்ல. கட்டியில் இருந்தது வரிக்கான இடம் மட்டும். அந்த இடத்தை நிரப்பியது, ஐம்பது முறை அதே நிறத்தில் எடுத்து அதே நிறத்தில் நிறுத்திய கண். தொழில் தெரிந்த கொல்லர் ஒருவர் பக்கத்தில் நிற்காமல் அந்தப் பேராசிரியருக்கும் இது கைகூடியிருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுரையில் இருவர் பெயரும் சேர்ந்து இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரஷ்யாவின் ஸ்லாடஸ்டில் சுரங்கப் பொறியாளர் பாவெல் அனோசவ் 1841இல் தன் முயற்சிகளை எழுதியதும், கொல்லன் மகனான மைக்கேல் ஃபாரடே இதே ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்ததும் இந்த வகையான கூட்டுத்தான்.

2006இல் ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பழைய வாளில் கரி நானோ குழாய்களைக் கண்டதாக எழுதிய பிறகு, நம் முன்னோருக்கு நானோ தொழில்நுட்பம் தெரியும் என்று சொல்லும் செய்திகள் எனக்கு மாதம் ஒன்றாவது வருகின்றன. அவற்றை அனுப்புகிறவர்களின் பெருமிதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வாளை அடித்தவனுக்கு அது தெரிந்திருக்கத் தேவையில்லை. அவனுக்குத் தெரிந்தது இதைவிட அரிது.

சாணை பிடித்துத் தேய்த்து, மின்பலகை செய்கிறவர்களிடம் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடில் அந்தக் கத்தியைத் தோய்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு, வாய்க்கால் நீர் வடிந்த மணலில் நிற்கும் தடம்போல, வரி எழுந்தது. நுனிப் பக்கம் ஒன்றுமில்லை, வெறும் சாம்பல். நுனி மெல்லியது, கரிக்குள் விரைவாகச் சூடேறும். இரண்டாம் நாள் ஒரு முறை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நுனி செம்பருத்தியைத் தாண்டிவிட்டது எனக்கு நினைவிருக்கிறது.

தஞ்சாவூர்க் கட்டாரி

இதற்குப் பிறகு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போனேன். தஞ்சை அரண்மனையின் ஆயுதக் குவியலிலிருந்து 1860களில் பொறுக்கியெடுத்த ஒரு பங்குதான் சென்னைக்கு வந்தது. துருவேறிய மீதியைப் பழைய இரும்பாக உடைத்து விற்றுவிட்டார்கள். அந்தக் குவியலிலிருந்து தப்பிய கட்டாரிகள் இன்று நியூயார்க் வரை பல காட்சியகங்களில் உள்ளன. கைப்பிடிகளில் யாளியும் இலையும் கொடியுமாக எஃகையே குடைந்து செய்த வேலை, மரத்தில் செய்தாலும் வியக்கத் தக்கது. ஆனால் அவற்றில் பலவற்றின் அலகு நம்முடையது அல்ல. ஐரோப்பிய வாள்களை வெட்டி, தறைந்து சேர்த்தவை; பரங்கி அலகுகள். மலிவாகவும் மொத்தமாகவும் கப்பலில் வந்திறங்கிய சரக்கு. உலகுக்கு உருக்கு அனுப்பிய நாட்டின் அரசன் வெளிநாட்டு அலகை இடுப்பில் செருகியிருந்தான் என்று முன்பெல்லாம் இதைப் பார்த்து மனம் வெதும்பும். இப்போது வேறு கேள்வி எழுகிறது. அலகு கப்பலில் வர ஆரம்பித்த பிறகு, ஐம்பது அந்திகள் உலையருகே நிற்க எந்த மாணவனுக்கு அவசியம் இருந்திருக்கும்?

ரகசியம் தொலைந்தது என்று சொல்லும்போது, யாரோ ஓலையில் எழுதி ஒளித்துவைத்து, அது கரையான் அரித்துப் போனதுபோல ஒலிக்கிறது. அப்படி ஓலை ஒன்று இருந்து, இன்று நம் கையில் கிடைத்தாலும், அதில் 'செம்பருத்தி நிறத்தில் அடிக்க' என்றுதான் இருக்கும். எந்த வெளிச்சத்தில் பார்த்த செம்பருத்தி? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தெரிந்தவன் பக்கத்தில் அதே இருட்டில் நின்று, அவன் எடு என்னும்போது எடுப்பதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு எஃகும், 1856க்குப் பின் எஃகை மலிவாக்கிய பெஸ்ஸெமர் உலையும் கட்டிக்கான விலையைக் கொன்றன. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு வாள் கேட்டு வருகிறவனும் இல்லை. அப்பாவின் பக்கத்தில் நின்ற மகன் மண்வெட்டிக்குப் போனான். இரண்டு தலைமுறை போதும். எவரும் எதையும் மறைக்கவில்லை.

சென்ற மாதம் அந்தப் பட்டறைக்கு மறுபடி போயிருந்தேன். வேலை ஒன்றுமில்லை, நண்பர் புதிதாக எடுத்த மூன்று கட்டிகளைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனேன். ஆசாரியார் கட்டிகளைத் திருப்பிப் பார்த்து, கதிர்க் கோடுகளை நகத்தால் கீறி, ஒன்றை மட்டும் தனியே எடுத்துவைத்தார். சாக்குப் படுதாவைக் காணோமே என்று அண்ணாந்து பார்த்தேன். இரண்டு ஃபைபர் ஷீட்டுகளில் பட்டறைப்பிடி இருக்கும் பக்கத்து ஷீட் அப்படியே இருந்தது. அங்கே அரம் போடும் தங்கை மகனின் கைமேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. உலைக்கு மேலே இருந்த ஷீட்டில் தார் பூசியிருந்தார்கள்.